பட்டியலில் உன் பெயர்

என் அன்புத் தம்பி ராசன்,

எழுதத் தெரியாத நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு மேரி எழுதுகிறாள். தன் சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவாளோ என்று ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசிக்க வைக்கிறேன். முகத்தைச் சுளிக்கிறாள். சுளிக்கட்டும்.

நீ போன பிறகு, இந்தக் குளிர்நாட்டு எஸ்பியர்க் நகரில் நம் தமிழ்ச் சங்கத்துக் கொம்பியூட்டரை இளையவன் குகன்தான் பார்க்கிறான். அதை இயக்குகிற சிஸ்டம் பழசாகிவிட்டதாம், மாற்ற வேண்டுமாம். போன சனிக்கிழமை இரண்டு கட்டு டிஸ்க்கை மேசையில் வைத்தான். ஒன்று கடையில் வாங்கியது. மற்றது, ஓல்போர்க் நகரில் படிக்கிற சிநேகிதன் கொடுத்த சோதனைப் பதிப்பு.

“இதுதான் அப்பு புதுசு. நல்ல வேகம்,” என்று சோதனைப் பதிப்பை என்னிடம் நீட்டினான்.

“செய்து முடிச்சிட்டினமோ?”

“இன்னும் செய்துகொண்டிருக்கினம்.”

“எங்கட மனுக்களுக்கும் அப்பிடித்தானே பதில் வருகுது, பாத்துக்கொண்டிருக்கிறம் எண்டு! முடிஞ்சதைப் போடு.”

“உங்கட மூளையே இன்னும் முதல் பதிப்புத்தான், அப்பு,” என்று சிரித்தபடி கடை டிஸ்க்கையே போட்டான்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஊரிலிருந்து மனைவி பிள்ளைகளை இங்கே அழைக்க மனுப் போட்டுவிட்டு, ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களின் பட்டியல். இந்தத் தாமதத்தை எதிர்த்து வழக்குப் போட வழக்கறிஞர் அதைக் கேட்டிருக்கிறார். நீ ஞாயிறுதோறும் கூட்டத்தில் வாசித்து வாசித்து, எனக்கு அது வரிசை பிசகாமல் பாடம்.

சிஸ்டம் மாறியதும் முழுவதையும் வாசிக்கச் சொன்னேன். பட்டியலில் சூசை வந்தான். அடுத்து யோகன் வந்தான். இடையில் நீ வரவில்லை.

“பாத்தியோ, உன்ர டிஸ்க் விழுங்கிப்போட்டுது!”

குகன் தலை குனிந்தான். “டிஸ்க் இல்லை அப்பு. மாத்துறதுக்கு முதல் நான்தான் அந்தப் பேரை எடுத்தனான். ராசன் அண்ணை செத்துப்போனார்தானே... மனு இனிச் செல்லாதெண்டு...”

எந்த டிஸ்க் என்று அவ்வளவு துருவிய நான், தொடுகிற கையைப் பார்க்கவில்லையே, தம்பி.

“காத்திருந்து செத்தவனை எடுத்தால், அவன் காத்திருக்கவே இல்லையெண்டு ஆகிடும் மோனே. திருப்பிப் போடு.”

போட்டான். நீ மனுப் போட்ட நாள், உன் மனைவி செல்வியின் பெயர், பிள்ளைகள் இருவரின் பெயர், எல்லாம் நான் சொல்ல. செல்வி அங்கே ஊரில் இன்னும் கடிதத்துக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கிறாளோ?

பட்டியல் வழக்கறிஞரிடம் போகும் அன்று நானும் போவேன். முழுவதையும் வாசிக்கச் சொல்வேன். சூசைக்கும் யோகனுக்கும் இடையில் உன் பெயர் காதில் விழுந்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்புவேன்.

கூடப் பிறக்காமலே உனக்கு மூத்தவனாகிப்போன,
உன் அண்ணை