பதினோரு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு

அன்பு ஆரோக்கியத்துக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது போய் உன்மேல் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பேன். உன் வீட்டம்மா உயிரோடு இருந்திருந்தால் கேட்காமலே விட்டிருப்பேன்.

போன வாரம் உன் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய படம் அனுப்பினான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நீ கேசட் கடை போட்ட முதல் வருடம் எடுத்தது. வாசலில் கரும்பலகை, அதில் உலக அளவில் அந்த வாரம் முன்னணியில் இருந்த பத்து ஆங்கிலப் பாட்டுகள். எழுத்து என்னுடையது. சிற்றலை ரேடியோவில் கேட்டுக் குறித்ததாக நீ ஒரு துண்டுச்சீட்டு தருவாய். புதன்கிழமைதோறும் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வந்து நான் அதைப் பலகையில் எழுதுவேன்.

படத்தை என் மகளிடம் பெருமையாகக் காட்டினேன். அவள் செல்போனில் அந்த வருடத்துப் பட்டியலைத் தேடி எடுத்தாள். "அப்பா, இந்த மொதப் பாட்டு அந்த வருசம் எங்கயுமே மொதல்ல வரலயே" என்றாள்.

நான் நம்பவில்லை. பலகையில் எழுதியதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்து வாரம் வாரமாக ஒப்பிட்டோம். மற்ற பாட்டுகள் ஏறக்குறைய சரி. அந்த ஒன்று மட்டும் பொய். காத்திருக்கிறேன் என்று ஒருவன் மெதுவாகப் பாடுவானே, அது. உன் பலகையில் பதினோரு வாரம் முதலிடம். உலகத்தில் அந்த வருடம் ஒரு வாரம்கூட இல்லை.

விற்காத கேசட்டைத் தள்ளிவிடப் பார்த்தாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கேசட்டை நீ விற்கவே இல்லை. எனக்குக்கூடப் பதிவு செய்து தரவில்லை. பிறகு தேதிகளைப் பார்த்தேன். பாட்டு பலகையை விட்டு இறங்கியது ஆவணியில் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு என் தங்கை செல்விக்குக் கல்யாணம்.

செல்வியும் அதே டைப்ரைட்டிங் வகுப்புதான். உன் கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போவாள். என் கையெழுத்து அழகு என்று சொல்லித்தானே என்னை எழுதவைத்தாய்? அதுவும் பொய்யா? என்னோடு பழகியதே அதற்குத்தானா?

பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறினேன். செல்வி வாசலில் உட்கார்ந்து தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் மண்டிக்குப் போயிருந்தார். நான் போலீஸ்காரன் மாதிரி சுற்றிவளைத்துக் கேட்டேன். அவள் சுற்றிவளைக்கவில்லை.

"ஒரே ஒருக்கா பேசுனாருண்ணா. 'உங்க வூட்டுல ஒத்துக்க மாட்டாங்கன்னு தெரியும். இந்தப் பாட்டு மேல இருக்கற வரைக்கும் நான் காத்துட்டிருக்கேன்னு வச்சுக்கங்க'ன்னாரு. நான் பதிலே சொல்லல. ஆனா புதங்கெழமயானா போர்டப் பாக்காம பஸ் ஏறுனதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

என்ன பண்ணியிருப்பேன் என்று உனக்கும் தெரிந்திருக்கிறது. நீ மாதா கோயில் தெரு, நாங்கள் மாரியம்மன் கோயில் தெரு. அப்பாவிடம் ஓடியிருப்பேன். ஆள் கூட்டிக்கொண்டு வந்து பலகையை உடைத்திருப்பேன். அதோடு நின்றிருப்பேனா? உன்னைச் சந்தேகப்பட்டுக் கிளம்பியவன், அவள் முன்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

"உனக்காகத்தான் அவன் எங்கூடப் பழகுனானா?" என்று கடைசியில் அவளிடம் கேட்டேவிட்டேன். அவள் தக்காளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கல்யாணமான பொறவும் முப்பது வருசம் உன்னோட டீ குடிச்சாரே, அது யாருக்காக?"

இருந்தாலும் திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று உறுத்தியது. டீக்கடையில் எழுந்திரிக்கும்போது, "செல்வி நல்லாருக்குதா?" என்பாய். அது வெறும் மரியாதைதானா, ஆரோக்கியம்?

பட்டியலில் உள்ள தப்பைத் திருத்தி உன் மகனுக்கு அனுப்பட்டுமா என்று என் மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். செல்வியிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். உன் நினைவு நாளன்று கல்லறைக்கு வர வேண்டும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். நானே அழைத்துக்கொண்டு வருவேன். பூ வைத்துவிட்டு நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.

உன் மச்சான்,
நஞ்சப்பன்