முள் என்று சொன்னது

பெப்ரவரி 12, வியாழன்

பனிச்சங்கேணியிலிருந்து புவனா தன் நாய் ஜிம்மியை இன்றும் ஆட்டோவில் கொண்டுவந்தாள். அது இன்னும் தின்றதையெல்லாம் கக்குகிறது. அவள் கணவன் வாவியில் மீன் பிடிப்பவன். மூன்று கிழமைக்கு முன் முதல்முறை வந்தபோது, 'தொண்டையில முள்ளாக்கும், டொக்டர்' என்றாள். வாயைத் திறந்து பார்த்தேன், முள் இல்லை. உள்ளே இறங்கியிருக்கும் என்று நானே சொல்லி, மீன்தலை போட்டதற்காக அவளை ஏசியும் அனுப்பினேன்.

இன்றுதான் மலத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சிறிய முட்டைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிப்புழு. உணவுக்குழாயில் கட்டியை உண்டாக்கி அதற்குள் வாழும் இனம். சாணிவண்டைத் தின்னும் நாய்களுக்கு வருவது. படித்திருக்கிறேன், இந்தப் பக்கத்தில் கண்டதில்லை. ஊசி போட்டேன். கட்டி புற்றாக மாறியிருந்தால் அது உதவாது.

'இது மீனால வந்ததில்ல' என்றேன்.

புவனா அழுதுவிட்டாள். 'மீன்தலை போட்டு நாயக் கொல்லப் பாத்தாய் எண்டு அவர் என்னோட கதைக்கிறாரில்ல, டொக்டர். நீங்களே ஒருக்காச் சொல்லுங்க.'

கணவனுக்குப் போனை அழுத்திக் கையில் தந்தாள். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

'முதல்ல நீங்கதானே முள்ளு எண்டீங்க?'

'ஓம். பிழை என்னுடையது. அவள்ற இல்ல.'

போனில் வள்ளத்து எஞ்சின் மட்டும் கேட்டது. பிறகு, 'ஜிம்மி தப்புமா?' என்றான்.

தெரியாது என்றேன். முதல் நாளே அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.