கேள்வி கேட்காத பெண்

நவம்பர் 12, செவ்வாய்

மனைவி இறந்துபோனதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மகள் லண்டன் ஹரோவில் உள்ள ஓர் உளவள ஆலோசகரிடம் என்னை அனுப்பினாள். அந்தப் பெண் வணக்கம் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தார். நிருபராக இருந்த காலமெல்லாம் பேட்டிகளில் நான் செய்தது அதுதான்: நிருபர் வாயை மூடினால் எதிரே இருப்பவர் தாங்கமாட்டாமல் பேசுவார். ஆகவே நானும் விட்டுக்கொடுக்கவில்லை. மழையைப் பற்றி மட்டும் சொன்னேன். நேரம் முடிந்துவிட்டது.

வெளியே வந்ததும் மகள் எனக்குப் போன் எடுத்தாள். “அம்மாவைப் பற்றிக் கதைச்சனீங்களே, அப்பா?”

“அவ ஒண்டும் கேக்கேல்லை.”

“அவை கேக்க மாட்டினம். நீங்கள்தான் தொடங்கோணும்.”

இதைப் போகுமுன் சொல்லியிருக்கலாம். திரும்பிய பஸ்ஸில் சொல்லவேண்டியதெல்லாம் ஒழுங்காக வந்தது, மனைவி பாதி குடித்து வைத்த கடைசித் தேநீர் வரை. பக்கத்தில் இருந்தவர் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டியிருந்தார்.