பூஜா போட்ட இரண்டு

பிப்ரவரி 3

இன்று ஒரு பக்கம் முழுவதும் எழுதப் போகிறேன். விரல் வலிக்கிறது. இருந்தாலும் என்ன சுகம்! இத்தனை வயதுக்குப் பிறகு எழுதக் கற்றிருக்கிறேன்!

பேத்தி பூஜா கல்லூரியில் இயற்பியல் படிக்கிறாள். அங்கே ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ‘என்னால் அறிவியலைக் கற்றுக்கொள்ள முடியும்’ – ஒன்று முதல் ஐந்துக்குள் ஓர் எண்ணில் டிக் போட வேண்டும். நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். அவள் நான்கு போட்டிருக்கிறாள். நானாக இருந்தால் ஐந்து! ஒரு மாதப் பயிற்சி கொடுத்துவிட்டு அதே தாளை மறுபடி கொடுப்பார்களாம்.

மார்ச் 5

பயிற்சி முடிந்தது. இந்தத் தடவை இரண்டு போட்டிருக்கிறாள்.

“இன்னாடி, படிச்சப்புறம் கொறைஞ்சி போச்சா?”

“இத்தினி நாளா சீனியர் நோட்டப் பாத்து விடை எழுதிக்கினு இருந்தேன் தாத்தா. இப்பதான் ஊசல நானே ஆடவுட்டு நேரம் எடுத்தேன். ஒவ்வொரு வாட்டியும் வேற வருது. ஏன்னு தெரியல. அப்புறம் எப்டி அஞ்சு போடறது?”

சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

மார்ச் 7

சீ!

பூஜாவை அவள் இயற்பியல் வாத்தியார் ரகுபதி சார் கூப்பிட்டுத் திட்டினாராம். பயிற்சி பற்றிக் கல்லூரி மேலிடத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு பிள்ளைக்குக்கூட நம்பிக்கை இறங்கக் கூடாதாம். ஐந்தாக மாற்றாவிட்டால் கோடைக்கால ஆய்வகத்தில் இடம் கிடையாது. வருஷம் முழுக்க அந்த இடத்துக்குத்தான் காத்திருந்தாள். தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் காய்ச்சல் இல்லை என்று எழுதுகிற டாக்டர் உண்டா?

மகன் திருமலை கார் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன், “ஒரு டிக்தான, போட்டுட்டுப் போயேன். நாங்க லைன்ல காரைப் பாக்காமலே டெய்லி டிக் போட்டுக்கினுதான் கீறோம்,” என்றான்.

“அந்தக் காரை எவன்டா ஓட்டறான்?” என்றேன். முறைத்தான்.

மார்ச் 10

திருமலைக்கு லீவு இல்லை. கல்லூரிக்கு நான் போனேன். ‘மாணவி கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டார்’ என்று அச்சடித்த தாள். வீட்டார் கையெழுத்து வேண்டுமாம். சார் கைநாட்டு வைக்க மை டப்பாவைத் தள்ளினார். பேனா கேட்டேன். படித்து முடிக்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இது பொய்யாச்சே,” என்றேன்.

“போட்டுடு தாத்தா. எனக்கு லேப் வோணும்.” பூஜா தலை நிமிரவில்லை. ஐந்தில் அவளே டிக் போட்டாள்.

தாண்டவராயன். வெளி ஆள் முன்னால் நான் போட்ட முதல் கையெழுத்து. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை.

“அழகா போடறீங்களே பெரியவரே!” என்றார் சார்.

பேனாவை மூடாமலே வைத்துவிட்டு எழுந்தேன்.

மார்ச் 11

எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 20

பூஜா ஆய்வகத்துக்குப் போய்வருகிறாள். புதுப் பிள்ளைகளிடம் அந்தத் தாளைக் கொடுத்து வாங்கும் பொறுப்பைச் சார் அவளிடமே விட்டிருக்கிறார்.

“எல்லாரையும் அஞ்சு போடச் சொல்லுவியா?” என்றேன்.

“அது கடைசில. மொதல் தாள்ல ஒண்ணு, ரெண்டு போடச் சொல்லிடுவேன். அப்பதான் ஏறுனது நல்லா தெரியும்.” போனைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். “சாருக்கே தோணல தாத்தா. ஐடியா என்னுது.”