மகன் வாங்கித் தந்த கார்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம் என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இந்தக் கடிதம் அப்பாவுக்குத் தெரியாது. போனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், உனக்குத் தெரிந்ததுதானே.

நேற்று மருந்துக்கடைக்கு நான் போனேன். வழக்கமாக அப்பாதான் போவார். நேற்று தலைசுற்றுகிறது என்று படுத்துவிட்டார். டாக்டர் சீட்டை நீட்டியதும் கடைக்காரர், "என்னம்மா, ஒரு வருஷமா பாதிதானே வாங்கிட்டுப் போறாரு, இன்னைக்கு முழுசாவா?" என்று கேட்டார். டாக்டரே குறைக்கச் சொன்னதாக அப்பா அவரிடம் சொல்லியிருக்கிறார். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இதயத்துக்குக் கொடுத்த மாத்திரை அது. சீட்டில் இருந்தபடி முழுசாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மேசை இழுப்பறையைத் திறந்தேன். கல்யாணமான நாளிலிருந்து நான் தொடாத இழுப்பறை. கார் காகிதங்களுக்கு நடுவே நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. நீ வாங்கிக் கொடுத்த கார் வீட்டுக்கு வந்த அன்றைய தேதி போட்டிருந்தது.

அப்பா லாரி ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் வண்டிச் செலவு எழுதியவர் என்பதை நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். விலையைக் கொடுத்தால் கார் நம்முடையது, அத்தோடு தீர்ந்தது என்று நினைத்தோம். அவருக்கு அன்றைக்கே எல்லாம் தெரிந்திருக்கிறது. இன்சூரன்ஸ், பெட்ரோல், சர்வீஸ், டயர், நம் சந்தில் நிறுத்த இடமில்லாததால் மரக்கடை முற்றத்துக்கு மாத வாடகை, திடீரென்று ஏதாவது பழுதானால் அதற்குத் தனியாக ஒரு தொகை. ஒன்றையும் விடவில்லை. ஒரு வருஷத்துக்குக் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்திருந்தார். பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கு வந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று அதற்குக் கீழே எழுதியிருந்தார். பேப்பர் நிறுத்தம். கண்ணாடி மாற்றுவதும் பல் கட்டுவதும் தள்ளிவைப்பு. அடுத்த வரி, மாத்திரை பாதி.

மறதியில் விட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது திட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்துச் செய்தது. அன்றைக்கு உன்னிடம் போனில் "ரொம்ப சந்தோஷம்ப்பா" என்றாரே, அதற்கு முன்னால் இதை எழுதினாரா, பின்னால் எழுதினாரா? எனக்கு வேறு எதுவும் ஓட மாட்டேன் என்கிறது.

அந்தக் காருக்கு நான் மாப்பிள்ளை என்று பேர் வைத்திருந்தேன். இருந்த இடத்தை விட்டு நகராமல் எல்லா உபசாரமும் கேட்கிறதே என்று கேலி பண்ணுவேன், அவரும் சிரிப்பார். பேட்டரி போய்விடக் கூடாதென்று தினமும் காலையில் மரக்கடைக்குப் போய், இன்ஜினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வருவார். அன்றுதான் நீ போன் செய்து வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பாய். ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போவது பஸ்ஸில். பெட்ரோல் மிச்சம் என்பார். கஞ்சன் என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். பாவி நான்.

தாளை அவர் முன்னால் வைத்தேன். கோபப்படவில்லை. "புள்ள ஆசையா வாங்கிக் குடுத்தது. வித்தா அவன் மனசு என்னாகும்?" என்றார். "ஒரு வருஷமா பாதிதான் போடறேன், எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றும் கேட்டார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

இன்று காலை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். இதயம் வீங்கியிருக்கிறது, இனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது என்றார். மாத்திரையை இப்போது நானே கையில் கொடுத்து, விழுங்கும் வரை நகராமல் நிற்கிறேன். ஆனால் அடுத்த மாதம் இன்சூரன்ஸ் கட்ட வேண்டும். மாத்திரையை நான் காவல் காத்தால் வேறு எதிலாவது கை வைப்பார், எதில் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பணம் அனுப்புகிறேன் என்று நீ கிளம்பாதே. உன் காசை அவர் தொட மாட்டார், உன் பேரிலேயே பேங்கில் போட்டுவிடுவார்.

உன்னைக் குறை சொல்லவில்லை, கண்ணா. நீ கொடுத்தது ஆசை. எனக்காக ஒன்று மட்டும் செய். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மாத்திரையைப் பற்றி மூச்சு விடாதே. உனக்குப் பணமுடை, அவசரம், காரை விற்று அனுப்ப முடியுமா என்று அவரிடம் கேள். தனக்காக அதை அவர் உயிர் போனாலும் விற்க மாட்டார். உனக்காக என்றால் திங்கட்கிழமையே விற்றுவிடுவார். உனக்குப் பொய் சொல்ல வராது, தெரியும். குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேள், போதும்.

நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். நீ கூப்பிடும்போதெல்லாம் போனை எடுக்க அப்பா இருக்க வேண்டும்.

உன் அம்மா