நான் சொன்னதாக

என்னங்க,

இங்கே உப்பு வாரும் வேலை மும்முரம். பாப்பா நன்றாக இருக்கிறாள்.

நேற்று உங்கள் அமைப்பிலிருந்து ஓர் அம்மா மரக்காணம் வந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போரில் கால் இழந்த பிள்ளைகளுக்கு நீங்கள் சம்பளமில்லாமல் செய்து மாட்டும் கால்களைப் படத்தில் காட்டினார். பெருமையாகத்தான் இருந்தது.

“ஊருக்குக் கிளம்பத்தான் இருந்தாராம். நீங்கதான் இன்னும் ஒரு வருஷம் இருந்துட்டு வாங்கன்னு சொல்லிட்டீங்களாமே. யாருங்க இப்படிச் சொல்வாங்க?” என்றார்.

என்னிடம், அமைப்பில் விடமாட்டேன் என்கிறார்கள் என்று போனில் அழுதீர்கள். அதை நம்பித்தான் பாப்பாவின் காதுகுத்தை இரண்டு முறை தள்ளிவைத்தேன்.

“ஆமாங்க” என்று சொல்லிக் காபி கொடுத்தேன். உங்களைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காது குத்துகிறோம். நீங்கள் வர வேண்டாம். நான்தான் சொன்னேன் என்று அங்கே சொல்லுங்கள். இந்த முறை அது உண்மை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா