பின் சுவர் வேர்க்கிறதா

என்னங்க,

நம் அடுப்படிக்குள் இன்று வெயில் அடிக்கிறது. கூரைத் தகரத்தை நேற்றே கழற்றிவிட்டார்கள். இத்தனை வருடமாக இருட்டில் நின்ற பின் சுவரை இப்போதுதான் பகல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். புகையேறிக் கறுத்த சுண்ணாம்புக்கு நடுவே, என் தலை உயரத்தில், ஓர் இடம் மட்டும் எண்ணெய் தடவினாற்போல மினுங்குகிறது. உங்கள் உள்ளங்கை பட்டுப் பட்டு வந்த மினுக்கம். அதன் மேலேயே சிவப்புப் பெயின்டில் பெரிய பெருக்கல் குறி. உடைக்க வேண்டிய சுவருக்கெல்லாம் நம் மகன் போட்ட குறி. கிட்டப் போய் மூக்கை வைத்துப் பார்த்தேன். கராம்பு வாசனை வரும் என்று ஒரு நப்பாசை. பெயின்டுதான் மணத்தது.

மாத்தளை டவுனில் கராம்பும் மிளகும் மூட்டை கட்டும் ஸ்டோரில் வேலை முடித்து வருவீர்கள். மழை நாளென்றால் கை கழுவ மாட்டீர்கள், சட்டையைக் கழற்ற மாட்டீர்கள். நேரே அடுப்படிக்குள் நுழைந்து சுவரில் கையை வைப்பீர்கள், பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல. "வேர்க்கல புள்ள. சோத்தப் போடு" என்றால்தான் வீட்டுக்கு மூச்சு வரும். மலைத் தண்ணீர் கசிந்து கை ஈரமாகிவிட்டால் அவ்வளவுதான். "வேர்க்குது, கெளம்புங்க" என்று எங்களைக் கிளப்பிக் கீழே அலுவிகாரையில் உங்கள் தங்கச்சி வீட்டில் கொண்டுபோய்ப் படுக்க வைப்பீர்கள். விடிந்து வந்து பார்த்தால் சுவர் கல்லுப்போல நிற்கும்.

"உங்கள மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளிய நான் எங்கயும் கண்டதில்ல" என்பேன்.

உங்களுக்குக் கோபமே வராது. "நான் பயந்துக்கிறேன். நீ தூங்கு" என்பீர்கள். நானும் வஞ்சனையில்லாமல் தூங்கினேன்.

மலை விழும், மலை விழும் என்று பயந்த மனுசன், நல்ல வெயில் காய்ந்த ஒரு நாளில் ஸ்டோர் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இந்தப் பயத்தை நீங்களே இழுத்து வைத்துக்கொண்டதுதானே. சரிவில் காணி வாங்கினால் இங்கே எல்லோரும் செய்கிற வேலைதான்: பின்னால் இருக்கும் மண்ணைச் செங்குத்தாக வெட்டி இடம் எடுப்பது. நீங்கள் மற்றவர்களைவிட இன்னும் உள்ளே வெட்டினீர்கள். ஸ்டோர் முதலாளி வீட்டில் அடுப்படிக்குள்ளேயே சாப்பாட்டு மேசை போட்டிருந்ததைக் கண்டுவிட்டு, நம் வீட்டிலும் ஒன்று வேண்டும் என்று நின்றீர்கள். மேசையும் வந்தது. அதில் நாம் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வெங்காயக் கூடையும் தேங்காயும்தான் உட்கார்ந்தன. வெட்டிய வருடம் பெய்த முதல் மழையிலேயே நாம் குடிபுகுமுன்னேயே, மண் சரிந்து அடுப்பு வர வேண்டிய இடத்தை மூடியது. அதற்குப் பிறகு கருங்கல்லைச் சுமந்து, மண்ணோடு அணைத்து, இந்தப் பின் சுவரைக் கட்டினீர்கள். "இந்தச் சொவரு வீட்டத் தாங்கல புள்ள, மலையத் தாங்குது" என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். மலை என்றால் வெறும் மண்ணா? அதற்கு மேலே, அடுத்த வீட்டுச் சீலா அக்காவின் குசினி இருக்கிறது. அவர் தேங்காய் துருவும் சத்தம்கூட நமக்குக் கேட்கும்.

வீடு குடிபுகுந்த அன்று எல்லோரும் வாசல் நிலைக்குக் கற்பூரம் காட்டினார்கள். நீங்கள் தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்ப் பின் சுவருக்குக் காட்டினீர்கள். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

போன மழையில் முன் அறைத் தரை இறங்கிவிட்டது. கூடத்துச் சுவரில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. பார்க்க வந்த அதிகாரி இதில் குடியிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். உங்கள் தங்கச்சி வீட்டில் ஓர் அறையில் ஒதுங்கினேன். மகன் கொழும்பு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து என்னோடு தங்கி, எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகக் கட்டிவிடலாம் என்றான். வீடு கட்டும் மேசன் பாஸைக் கூட்டிவந்தான். பாஸ் நல்ல மனுசன், ஆனால் அவசரக்காரர். "கூரையக் கழட்டித் தந்தா போதும், மத்தத பெக்கோ பாத்துக்கும். பொழுது சாயறதுக்குள்ள தரைமட்டமாக்கித் தந்துர்றேன்" என்றார். மண் வெட்டும் பெக்கோ இயந்திரமும் வந்து ரோட்டோரத்தில் வாயைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது.

"பின் சொவர மட்டும் விட்டுருங்கப்பா. அது மலையத் தாங்குதுன்னு ஒங்கப்பா சொல்லுவாரு" என்றேன் மகனிடம்.

"அப்பா எதுக்குத்தாம்மா பயப்படல?" என்று சிரித்தான். நான் சொல்லிச் சொல்லிச் சிரித்த பேச்சுத்தானே அது.

நேற்றுத் தகரம் இறங்கியது. அடுத்தது அந்தத் தண்டவாளத் துண்டு. பின் சுவருக்கும் நடுச் சுவருக்கும் இடையில் குறுக்கே நீங்கள் இறுக்கி வைத்திருந்தீர்களே, அதுதான். எங்கோ பழைய இரும்புக்காரனிடம் வாங்கி லொறியில் கொண்டுவந்தீர்கள். கூரையைத் தாங்கத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று நானும் நம்பியிருந்தேன். இரண்டு ஆட்கள் ஏணியில் ஏறி அதன் ஒரு நுனியைத் தட்டித் தளர்த்தினார்கள்.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. சுவருக்குள்ளே யாரோ அரிசியைக் கொட்டினாற்போல மண் ஓடும் சத்தம். மேல் மூலையிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கி வந்தது. மேலே சீலா அக்கா வீட்டில் பாத்திரங்கள் கடகடவென்று விழுந்தன. "கீழே என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் சிங்களத்தில் கத்துவது கேட்டது.

என் கால் எப்படி நகர்ந்தது என்று தெரியவில்லை. நீங்கள் வைக்கிற இடத்தில், அந்தச் சிவப்புக் குறியின் மேல் கையை வைத்தேன். ஒரு வாரமாக மழையே இல்லை. கை முழுக்கத் தண்ணீர்.

"வேர்க்குது! விட்டுட்டு வாங்க எல்லாரும்!" என்று அலறினேன். என் தொண்டையிலிருந்து வந்தது உங்கள் குரல்தான், என்னங்க.

ஏணியில் நின்றவர்கள் இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்பதுபோலப் பார்த்தார்கள். பாஸ் ஓடிவந்து சுவரைத் தொட்டார். அவர் முகம் மாறிப்போனது. "தண்டவாளத்த விட்டுறாதீங்கடா! புடிங்க, பழைய எடத்துலயே இறுக்குங்க!" என்று கத்தினார். மரம், பலகை, கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார்கள். மண் ஓடும் சத்தம் நின்ற பிறகுதான் பாஸ் பேசினார். "இது கூரைக்குப் போட்டது இல்லம்மா. சொவத்துக்கு முட்டு. போன மழைத் தண்ணி இன்னும் மலைக்குள்ள நிக்குது. நாங்க பெக்கோவ வுட்டிருந்தா..." மகன் வெளிறிப்போய் நின்றான்.

பெக்கோ திரும்பிப் போய்விட்டது. நான் மேலே ஏறிப் போனேன். சீலா அக்கா குசினியைப் பூட்டிவிட்டு, கலேவெலயில் மகள் வீட்டுக்குப் போகப் பை கட்டிக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, "எனக்குப் பயமாக இருக்கிறது நங்கி" என்றார், சொந்தத் தங்கச்சியிடம் சொல்வதுபோல. பயப்படாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. "எனக்கும்தான் அக்கா" என்றேன்.

அதிகாரி மறுபடி வந்து பார்க்க வேண்டுமாம். முன் பக்கத்தை ஆள் வைத்துக் கையால்தான் பிரிக்க வேண்டும், பின்னால் தடுப்புச் சுவரைத் துண்டு துண்டாகக் கட்டிய பிறகுதான் பழைய சுவரில் கை வைக்க வேண்டும் என்கிறார் பாஸ். எல்லாம் சரி. அதுவரை மழை காத்திருக்குமா? கூரை இல்லாத வீடு, வெடித்த சுவர், நாலு மரத்து முட்டு. மலைப் பக்கம் ஒரு மேகம் கறுத்தாலே எழுந்து வாசலுக்கு ஓடுகிறேன். உங்கள் தங்கச்சி கோப்பையை வைக்கும் சத்தத்துக்கே திடுக்கிடுகிறேன். இத்தனை வருடம் இதை ஒற்றை ஆளாக எப்படித் தூக்கிக்கொண்டு திரிந்தீர்கள்? நான் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தேனே.

இன்று காலையில் இலேசாகத் தூறியது. கண் விழித்தால் மகன் பாயில் இல்லை. அடித்துப் பிடித்துக்கொண்டு மேலே வந்தேன். அவன் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தான், எனக்கு முதுகைக் காட்டியபடி, சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு. நீங்கள் நிற்பதுபோலவே, ஒரு காலைப் பின்னால் ஊன்றி, ஓடத் தயாராக. அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

"இன்னிக்கி வேர்க்கலம்மா" என்றான், திரும்பாமலே. பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், கண் சிவந்திருந்தது. கொஞ்சமும் தூங்கவில்லை போல.

"நான் பயந்துக்கிறேன்பா. நீ போய்த் தூங்கு" என்றேன்.

அவன் கையை எடுக்கவில்லை. நானும் பக்கத்தில் போய் என் கையை வைத்துக்கொண்டேன்.